ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பெண்களின் ஒப்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி முன் உட்கார்ந்த பெண், தலை கழுவும் பெண், பிடரிக்கு வெள்ளை பூசும் பெண். உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மர அச்சுப் படங்களில் இவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். பார்ப்பவர்களுக்கு வரும் சந்தேகங்களும் அதே மாதிரி திரும்பத் திரும்ப வருபவைதான். அடிக்கடி காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடாத படங்கள் இவை. பக்கத்தில் கிடக்கும் சாமான்களைப் பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கும்.

இது வரைந்த ஓவியமா, அச்சா? ஒரே படம் நாலு மியூசியத்தில் எப்படி இருக்கிறது?

அச்சுதான். ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப்படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தை வெட்டி எடுப்பார். அதோடு மூலப்படம் காலி. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. அச்சிடுபவர் பலகையில் தூரிகையால் நிறம் தடவி, லேசாக ஈரப்படுத்திய தாளை வைத்து, மூங்கில் உறை சுற்றிய 'பாரேன்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்பக்கம் தேய்ப்பார். பலகையின் மூலையிலும் ஓரத்திலும் உள்ள 'கென்தோ' வெட்டுகளில் தாளை முட்ட வைத்தால் நிறங்கள் விலகாமல் விழும்.

இவர்கள் மூவருக்கும் முதல் போட்டு, எதை வரைவது என்று முடிவு செய்பவர் பதிப்பாளர். பல வண்ணத்தில் அச்சிடும் 'நிஷிகி-எ' முறை 1765-ல் சுசுகி ஹருநோபுவின் படங்களோடு பரவியது. ஓவியர் உதமாரோவின் பெயர் பெற்ற படங்கள் பலவற்றின் பின்னால் சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் இருந்தார்.

ஏன் எப்பப் பார்த்தாலும் தலைவாரிக்கொண்டே இருக்கிறார்கள்? வேறு வேலையே இல்லையா?

வேலை இருந்தது. துணி தைக்கும், குழந்தைக்குப் பாலூட்டும், சமைக்கும் பெண்களின் படங்களும் நிறைய உண்டு. ஆனால் 'பிஜின்-கா' எனப்படும் அழகியர் படம் விற்கிற சரக்கு. எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், யோஷிவாரா என்ற உரிமம் பெற்ற பரத்தையர் குடியிருப்பின் புகழ்பெற்ற பெண்களும், தேநீர்க்கடைப் பெண்களும்தான் அன்றைய நாகரிகத்துக்கு அளவுகோல். புதுக் கொண்டை எப்படி இருக்கிறது, எந்தச் சீப்பு எங்கே செருகப்படுகிறது என்று பெண்களும் இந்தப் படங்களில் பார்த்துக்கொண்டார்கள்.

ஓவியருக்கும் இதில் ஒரு வசதி. பல அடுக்கு உடையில் மூடி நடக்கும் பெண்ணிடம் வரைவதற்கு முகமும் கையும்தான் மிச்சம். தலைவாரும்போது கை உயரும், முன்கை வெளியே வரும், கழுத்து திரும்பும், கழுத்துப்பட்டி பின்னால் சரியும்.

எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கிறதே. யார் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை விட்டுவிட்டு பல், புருவம், கொண்டை, இடைக்கச்சு நான்கையும் பாருங்கள். வெள்ளைப் பல், புருவம், 'ஷிமாதா' கொண்டை, நீண்டு தொங்கும் சட்டைக்கை இருந்தால் பெரும்பாலும் கல்யாணமாகாத பெண். கறுப்புப் பல்லும், உருண்டையாகப் பரந்த 'மாருமாகே' கொண்டையும் கல்யாணமானவருக்கு. புருவமும் மழித்திருந்தால் பெரும்பாலும் குழந்தை பெற்றவர். மழித்த இடத்தில் இளநீலச் சாயல் ஒன்றைச் சில படங்களில் காணலாம், அது கறை இல்லை. தலையில் ஏராளமான ஊசிகளும் முன்பக்கம் முடிந்த இடைக்கச்சும் உயர்நிலைப் பரத்தையின் அடையாளம்.

பெயர் சொல்லி வரைந்த பெண்களுக்கு உடையிலோ விசிறியிலோ குடும்பச் சின்னம் இருக்கும். உதமாரோ பலமுறை வரைந்த தேநீர்க்கடைப் பெண் நானிவா ஒகிதாவுக்கு பவுலோனியா இலை. தகாஷிமா ஒஹிசாவுக்கு மூன்று ஓக் இலை.

பல் ஏன் கறுப்பு? நோயா, வெற்றிலை மாதிரி ஏதாவதா?

இரண்டும் இல்லை. வேண்டுமென்றே பூசியது. பெயர் 'ஒஹாகுரோ'. இரண்டு பொருள் வேண்டும். ஒன்று 'கானே' நீர்: துருப்பிடித்த ஆணி, இரும்புத் துண்டுகளைத் தேநீர், புளித்த அரிசி மது, வினிகர் போன்றவற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் பழுப்புத் திரவம். நாற்றம் பொறுக்க முடியாது. மற்றொன்று 'ஃபுஷி' பொடி: ஒருவகை மரத்தின் இலையில் பூச்சி உண்டாக்கும் முடிச்சைக் காயவைத்து இடித்தது. நம் மாசிக்காயும் பூச்சி உண்டாக்கும் முடிச்சுதான், மரம்தான் வேறு.

நீரைச் சூடாக்கி, தூரிகையால் பல்லில் ஒரு முறை நீர், ஒரு முறை பொடி என்று மாற்றி மாற்றித் தடவ வேண்டும். இரும்பும் பொடியின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தவுடன் தண்ணீரில் கரையாத கறுப்பு உண்டாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவதன் வேதியியலும் இதுவே. இரும்புநீர் நீர்த்திருந்தால் திட்டுத்திட்டாகச் சாம்பல் படியும். நன்றாகப் படிந்தாலும் இரண்டு மூன்று நாளில் பளபளப்பு போய்விடும், மறுபடி பூச வேண்டும். அதனால்தான் இந்தக் காட்சி இத்தனை படங்களில்.

எடோவில் கல்யாணமானவர்களும் யோஷிவாராப் பரத்தையரும் பூசினார்கள், ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கும் எடோ கெய்ஷாக்கள் பூசவில்லை. கறுப்புப் பல் மட்டும் வைத்து ஒருத்தியைக் குடும்பப் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1870-ல் பிரபு குடும்பங்களுக்கு அரசு இதைத் தடை செய்தது, 1873-ல் பேரரசியே நிறுத்தினார். அதன்பின் ஊரிலும் மெல்ல மறைந்தது.

வாயைத் திறந்து குச்சியால் ஏதோ செய்கிறாள். பல் தேய்க்கிறாளா, கறுப்பு பூசுகிறாளா?

பக்கத்துச் சாமானைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது மாதிரி கைப்பிடி நீட்டிய அரக்குப் பாத்திரம், அதன் மேல் குறுக்கே ஒரு உலோகத் தகடு, தகட்டில் சின்னக் கிண்ணமும் பொடி டப்பியும் இருந்தால் கறுப்புப் பூச்சு. அந்தப் பாத்திரம் வாய் கொப்பளித்துத் துப்ப.

கையில் இருப்பது ஒரு முனை நார்நாராகப் பிரிந்த குச்சி, பக்கத்தில் கிண்ணத் தண்ணீர் என்றால் பல் தேய்ப்பு. 'ஃபுசாயோஜி' என்ற அந்தக் குச்சியைப் பெரும்பாலும் வில்லோ மரத்தில் செய்து, முனையைத் தட்டி நாராக்குவார்கள். வேப்பங்குச்சி மென்று பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கீழுதடு பச்சையாக இருக்கிறது. சாயம் போனதா, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 'பெனி' என்ற உதட்டுச் சிவப்பு குசும்பாப் பூவிலிருந்து எடுப்பது, மொகாமி பகுதிப் பூவுக்குப் பெயர் அதிகம். பூவில் மஞ்சளே மிகுதி. அதைத் தண்ணீரில் கழுவிப் போக்கிய பிறகுதான் கொஞ்சூண்டு சிவப்பு கிடைக்கும். அதனால் விலை தங்கத்துக்குச் சமம் என்று சொல்லும் அளவுக்கு. சுத்தமான பெனியை அடுக்கடுக்காகத் தடித்துப் பூசிக் காயவிட்டால் சிவப்பு தெரியாது, வண்டின் முதுகு போலப் பச்சை மினுங்கும். 1804-க்கும் 1830-க்கும் இடையில் இதுதான் எடோவில் உச்ச நாகரிகம். கெய்சாய் எய்சென், குனிசாதா என்ற ஓவியர்களின் படங்களில் மேலுதடு சிவப்பாகவும் கீழுதடு பச்சையாகவும் அச்சாகியிருப்பதைத் தேடிப் பாருங்கள்.

அத்தனை பெனி வாங்க எல்லோருக்கும் வசதி ஏது? முதலில் எழுதும் கறுப்பு மையை உதட்டில் தடவி, மேலே மெல்லியதாகப் பெனி வைத்துப் பச்சை மினுக்கத்தை ஒப்பேற்றினார்கள். வெளிச்சம் பட்டால் பெனி மங்கும், எனவே உட்புறம் பூசிய சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார்கள். பூசுவது மோதிர விரலால். அந்த விரலுக்கே 'பெனி வைக்கும் விரல்' என்று ஒரு பெயர்.

முகம் இவ்வளவு வெள்ளையாக இருக்க அச்சில் எந்த நிறம் போட்டார்கள்?

பெரும்பாலும் எதுவும் போடவில்லை. நீங்கள் பார்க்கும் கன்னம் வெறும் தாள். சுற்றிலும் முடியின் கறுப்பும் பின்னணி நிறமும் வந்ததும் தாள் தோலாகிவிடுகிறது. அடர்த்தியான நிறம் பூசிய பின்னணியோ, அப்பிரகப் பொடி தூவிய வெள்ளிப் பின்னணியோ இருக்கும் படங்களில் முகம் அதிகம் ஒளிர்வதும் இதனால்தான்.

நிஜ முகத்தில் பூசிய 'ஒஷிரோய்' வேறு கதை. ஈய வெள்ளையும், பாதரசத்திலிருந்து எடுத்த வெள்ளையும் புழங்கின. தண்ணீரில் நன்றாகக் குழைத்து, அகலத் தூரிகையால் கழுத்து, முகம், மார்பின் மேற்பகுதி, பிடரி எல்லாம் பூசுவார்கள். குழைத்தது கட்டிதட்டினால் கோடு விழும். 1813-ல் வெளிவந்த ஒப்பனைக் கையேடு ஒன்று, பூசிய முகத்தின்மேல் தாளை வைத்து, தாளின்மேல் ஈரத் தூரிகையை ஓட்டினால் வெள்ளை சீராகப் பிடிக்கும் என்கிறது. மூக்கில் மட்டும் சற்றுத் தடித்துப் பூசினால் எடுப்பாகத் தெரியும் என்றும் சொல்கிறது. கியோத்தோ, ஒசாகா பக்கம் தடித்த பூச்சு, எடோவில் மெல்லிய பூச்சுதான் நாகரிகம். ஈயம் உடம்பில் சேர்ந்து பாழ்படுத்தும் என்பது பரவலாகத் தெரியவந்தது மெய்ஜி காலத்தில்தான் (1868–1912). அதன்பிறகும் ஈயப் பூச்சு முழுதாகக் கைவிடப்படப் பல பத்தாண்டுகள் ஆயின.

எல்லாரும் பின்னங்கழுத்தையே காட்டிக்கொண்டு இருக்கிறார்களே?

அன்றைய ஜப்பானில் ஆண் கண் முதலில் போன இடம் அது. கழுத்துப்பட்டியைப் பின்னால் இறக்கி உடுத்துவதும், பிடரி மயிரோரத்தில் வெள்ளையைக் கூர்முனைகளாக இறக்கிப் பூசுவதும் அதற்காக. தன் பிடரியைத் தானே பார்த்துப் பூச இரண்டு கண்ணாடி வேண்டும். முன்னால் தாங்கியில் ஒன்று, கையில் பின்னால் பிடித்தபடி ஒன்று. இதற்கு 'அவாசே-ககாமி' என்று பெயர். உதமாரோ 1795 வாக்கில் வரைந்த ஒஹிசா படம் இப்படி இரண்டு கண்ணாடியில் கொண்டையைச் சரிபார்க்கும் படம்.

இந்தக் கொண்டையை எப்படித்தான் கட்டினார்கள்? உள்ளே கம்பி இருக்கிறதா?

சில காலத்தில் இருந்தது. முடியை நான்கு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள்: நெற்றிமேல் 'மாயேகாமி', இரு பக்கமும் 'பின்', பிடரியில் 'தாபோ', உச்சியில் 'மாகே'. முதலில் முடியைச் சீவி, மெழுகும் தாவர எண்ணெயும் வாசனையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான 'பின்த்சுகே' எண்ணெயைத் தடவுவார்கள். பிறகு உச்சியில் வேர்முடியை 'மொத்தோயுய்' என்ற முறுக்கிய தாள் கயிற்றால் கட்ட வேண்டும். மற்றதெல்லாம் இந்த முடிச்சில்தான் தொங்குகிறது. தளர்ந்தால் சாயங்காலத்துக்குள் கொண்டை சரியும். இறுகினால், வருடக்கணக்கில், உச்சியில் வழுக்கை விழும். அப்படி வழுக்கை விழுந்த பெண்கள் குறைவில்லை. அதன்பின் பிடரிப்பகுதி, பக்கங்கள், முன்பகுதி ஆகியவற்றை வடிவமாக்கி, கடைசியில் கொண்டையைச் சுற்றி மடித்துக் கட்டுவார்கள்.

நீங்கள் கேட்ட கம்பி, 1770-களிலிருந்து உதமாரோ காலம் வரை நாகரிகமாக இருந்த 'தோரோ-பின்', அதாவது விளக்குக்கூண்டுப் பக்கமுடியில் வரும். திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகட்டால் செய்த வில்லை உள்ளே செருகி, பக்கமுடியை இரண்டு இறக்கை மாதிரி விரிப்பார்கள். முடி ஊடே பின்னணி தெரியும். அந்த இழைகளை ஒவ்வொன்றாக வரைந்திருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கட்டிய கொண்டையைப் பல நாள் காப்பாற்ற வேண்டுமே, அதற்காகக் கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான கட்டைத் தலையணை. படத்தில் பாயருகே சின்னப் பெட்டிமேல் ஒரு உருளை தெரிந்தால் அது இதுதான்.

பின்னால் நிற்கும் பெண் வேலைக்காரியா?

இருக்கலாம். தொழில்முறைத் தலைவாரும் பெண்ணாகவும் இருக்கலாம். 'கமியுய்' என்ற இந்தத் தொழில் பெண்களிடையே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. ஆடம்பரம் என்று அரசு தடை போட்டும் நிற்கவில்லை. உதமாரோ 1790-களின் இறுதியில் பெண்களின் கைத்தொழில்கள் பன்னிரண்டைக் காட்டும் வரிசையில் இவளையும் சேர்த்தார். வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்க இவள் பின்னால் நின்று வேலை செய்கிறாள். ஒப்பனைக் காட்சிகளில் அந்தக் கைகளைத்தான் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. அழகியின் முகம் கனவில் இருக்க, இவள் விரல்கள் வேலையில் இருக்கின்றன.

இடுப்புவரை உடையை இறக்கிவிட்டு வாளிமேல் குனிந்திருக்கிறாளே, அது குளியலா?

தலை கழுவல். மேலே சொன்ன மெழுகெண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது. 'ஃபுனோரி' என்ற கடற்பாசியை வெந்நீரில் கரைத்து, கோதுமை மாவு கலந்து, சூடு ஆறுமுன் முடியில் தேய்த்து, வெந்நீரிலும் பிறகு தண்ணீரிலும் அலச வேண்டும். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும், பாசி வழுவழுப்பு தரும். ஆறிவிட்டால் மாவு முடியிலேயே பசையாகிவிடும். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி காயப் பாதி நாள் ஆகும். எனவே மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். விரித்த தலையோடு, கையில் விசிறியோடு, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண் சோகத்தில் இல்லை, முடி காய்கிறது, அவ்வளவுதான்.

நடுவே நாட்களில் பேன் சீப்பு மாதிரி பல் நெருங்கிய சீப்பால் அழுக்கையும் பொடுகையும் வாரி எடுப்பார்கள்.

வாயில் துணியைக் கடித்திருக்கிறாள், துணியோடு சின்னச் சிவப்புப் பை வேறு. அது என்ன?

தவிட்டுப் பை, 'நுகாபுகுரோ'. பொதுக் குளியலறைக்குப் போகும்போது கொண்டுபோவது. பைக்குள் அரிசித் தவிட்டை நிரப்பி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வரும் பால்நீரால் தோலைத் தேய்க்கலாம். அன்றைக்குப் போட்ட தவிட்டை அன்றே கொட்டிவிட வேண்டும், வைத்தால் புளிக்கும். சிலர் புஷ் வார்ப்ளர் என்ற பாட்டுப் பறவையின் எச்சத்தைக் காயவைத்துப் பொடித்துக் கலந்தார்கள்.

துணியைக் கடித்திருப்பது பல சமயம் இரண்டு கையும் வேலையில் இருப்பதால். உணர்ச்சியை அடக்கும் பெண்ணைக் காட்டவும் ஓவியர்கள் இதே சைகையைப் பயன்படுத்தினார்கள். எது என்பதைக் கை என்ன செய்கிறது என்று பார்த்தே சொல்ல முடியும்.

அந்தக் கண்ணாடி கண்ணாடிதானா?

இல்லை, வெண்கலம். வார்த்து வழித்த தட்டின் முகத்தில் வெள்ளீயமும் பாதரசமும் பூசிப் பளபளப்பாக்கியது. பின்பக்கம் பூவோ எழுத்தோ புடைத்திருக்கும், எடோ காலத்தில் (1603–1868) கைப்பிடி வைத்தது அதிகம். இழுப்பறைப் பெட்டிமேல் மடக்கித் தாங்கியில் சாய்த்து வைப்பார்கள். சில மாதத்தில் மங்கும், மெருகிடுபவர் தெருவில் வருவார். அவர் கைச்சரக்கில் மாதுளைச் சாறும் உண்டு.

இதில் ஒரு சிலேடை. பொதுக் குளியலறையில் ஆவி வெளியேறாமலிருக்கத் தாழ்வாக வைத்த நுழைவாயிலுக்கு 'மாதுளை வாய்' என்று பெயர். ஜப்பானியத்தில் 'குனிந்து நுழைதல்' என்பதும் 'கண்ணாடிக்கு வேண்டும்' என்பதும் ஒரே ஒலி, கண்ணாடிக்கு வேண்டியது மாதுளை. ஆக அது மாதுளை வாய். ஓவியர் கியோனாகா 1787 வாக்கில் வரைந்த பெண்கள் குளியலறைப் படத்தில் இந்த வாயைப் பார்க்கலாம்.

கண்ணாடியில் தெரியும் முகம் கோணத்துக்குப் பொருந்தவில்லையே. ஓவியருக்குத் தெரியாதா?

தெரியும், கவலைப்படவில்லை. கண்ணாடியில் அவள் முகம் நமக்குத் தெரிந்தால், அவளுக்கு அங்கே தெரிவது நம் முகம். அவள் தன்னைப் பார்க்கிறாள், நாமும் அவளைப் பார்க்கிறோம் என்ற இரண்டும் ஒரே கண்ணாடியில் நடக்காது. படத்துக்கு இரண்டும் வேண்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்த ஒகிதாவின் முகத்தைப் பெரிய கண்ணாடிக்குள் நேராக வைத்த உதமாரோவின் படம் இதற்கு நல்ல உதாரணம். குனிசாதா 1823 வாக்கில் ஒரு படி மேலே போய், தாளையே கண்ணாடியாக்கி, சட்டத்துக்குள் பிம்பத்தை மட்டும் வைத்து ஒரு வரிசை செய்தார்.

ஒரு உபரித் தகவல். ஜப்பானிய உடையில் உடுத்தியவரின் இடப்பக்கம் மேலே வரும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இணையத்தில் ஒரு படத்தில் பெண்ணின் கழுத்துப்பட்டி மாறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பதை. கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்துக்கு இந்தச் சோதனை செல்லாது.

எய்சென் படங்களில் அடிக்கடி ஒரு பொட்டலம் தெரிகிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?

விளம்பரம். 'பியென் சென்ஜோகோ' என்ற வெள்ளைப் பொடி, எடோவின் கியோபாஷி பக்கம் இருந்த சகாமோத்தோ கடைச் சரக்கு. பெயர், பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற கபுகி நடிகர் மூன்றாம் செகாவா கிக்குநோஜோவின் கவிப்பெயரான 'சென்ஜோ'விலிருந்து வந்தது. பொட்டலம் 48 மோன் (அன்றைய செப்புக்காசு). அப்போது ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன், ஆக மூன்று வேளைச் சாப்பாடு. அதே கடையின் நரை மறைக்கும் சரக்கும் படங்களில் தலைகாட்டும். எழுத்தாளர் ஷிகிதேய் சம்பா 1811-ல் 'எடோ நோ மிசு' என்ற முகநீரை விற்கத் தொடங்கித் தன் கதைகளிலேயே விளம்பரமும் செய்துகொண்டார். இந்த வியாபாரத்தில் வெட்கமே கிடையாது.

மயிர்க்கால் ஒவ்வொன்றும் தெரிகிறது. மரத்தில் இதை எப்படி வெட்டினார்கள்?

நெற்றியோர முடி செதுக்குவதற்கு 'கெவாரி' என்று பெயர், பட்டறையின் மூத்த கைக்கு மட்டும் கிடைக்கும் வேலை. ஒவ்வொரு இழையும் பலகையில் நிற்கும் ஒரு மெல்லிய மரச்சுவர். நேர்த்தியான வேலையில் ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இழை. ஓவியர் கொடுத்த படத்தில் பெரும்பாலும் முடியின் எல்லை மட்டுமே இருக்கும், இழைகளைப் பிரித்தது செதுக்கியவரின் அறிவு.

படத்தின் தரம் பார்க்கவும் இதுவே இடம். மை அதிகமானால் இடைவெளி அடைபட்டு முடி கறுப்புத் திட்டாகும். பலகை தேய்ந்தால் இழை உடைந்து விட்டுவிட்டு விழும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் எது முந்தியது என்று தெரிய வேண்டுமானால் நெற்றியோரத்தை ஒப்பிடுங்கள்.

இவை ஆபாசப் படங்களா? வீட்டில் வைக்கலாமா?

பாலுறவைக் காட்டும் 'ஷுங்கா' தனி வகை. ஒப்பனைக் காட்சிகள் அதில் சேராது. ஆனால் பார்க்கும் கண் ஆணுடையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. படத்தில் கனவாகத் தெரியும் யோஷிவாராப் பெண்களில் பெரும்பாலோர் சிறு வயதில் குடும்பக் கடனுக்கு ஒப்பந்தத்தில் விடப்பட்டவர்கள். அந்த உடையும் ஊசியும்கூடப் பல சமயம் அவர்கள் கணக்கில் கடனாக ஏறின. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கலாம். வீட்டில் வைப்பது உங்கள் விருப்பம்.

அரசாங்கம் இதையெல்லாம் விட்டுவைத்ததா?

இல்லை. கன்சேய் சீர்திருத்தம் என்ற ஆடம்பர ஒழிப்பின்போது, 1790-ஐ ஒட்டி, அச்சுக்கு முன் தணிக்கை முத்திரை கட்டாயமானது. 1793-ல் பரத்தையர் தவிர மற்ற பெண்களின் பெயரைப் போடத் தடை. உடனே பெயரைப் படவிடுகதையாக வைத்தார்கள், 1796-ல் அதற்கும் தடை. 1800-ல் மார்பளவுப் பெரிய முகப் படங்களையே கண்டித்தார்கள். உதமாரோ 1804-ல் ஐம்பது நாள் கைவிலங்கில் இருந்தார், ஆனால் அது பெண் படத்துக்காக இல்லை, பழைய ஆட்சியாளர் ஹிதெயோஷியை வரைந்ததற்காக. 1806-ல் இறந்தார்.

இந்த முத்திரைகள் இன்று காலம் சொல்ல உதவுகின்றன. ஒற்றை வட்டமாக 'கிவாமே' முத்திரை இருந்தால் 1790-களின் தொடக்கத்திலிருந்து 1842 வரை. 1847 முதல் 1852 வரை இரண்டு அதிகாரிகளின் பெயர் முத்திரை சேர்ந்து வரும்.

கோயோ, ஷின்சுய் படங்கள் ஏன் போட்டோ மாதிரி, வேறு சாயலில் இருக்கின்றன?

அவை எடோ காலம் அல்ல. பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோ தொடங்கிவைத்த 'ஷின்-ஹங்கா' என்ற புது அலை. ஹாஷிகுச்சி கோயோ 1915-ல் அவருக்காகக் குளிக்கும் பெண்ணை வரைந்தார், பிறகு தனியாகத் தானே பதிப்பித்தார். 1918-ன் வெள்ளை பூசும் பெண்ணும், 1920-ன் தலைவாரும் பெண்ணும் அவற்றில் பெயர் பெற்றவை. நிஜ மாடலை உட்காரவைத்து வரைந்ததால் கையிலும் தோளிலும் எலும்பு தெரியும். ஓவியர் இத்தோ ஷின்சுய்யின் 1916-ம் வருடப் படத்தின் பெயர் 'கண்ணாடி முன்', ஆனால் படத்தில் கண்ணாடி இல்லை, சிவப்பு உடையில் பெண் மட்டும்.

தோக்கியோவைத் தாக்கிய 1923 நிலநடுக்கத்தில் வதனாபேயின் பட்டறையும் பலகைகளும் எரிந்தன. அதற்கு முந்தைய பிரதிகளின் விலை எகிறி நிற்பது அதனால்.

மேரி கசாட் இதிலிருந்துதான் எடுத்தாரா?

ஆம், பாரிசில் வாழ்ந்த அமெரிக்க ஓவியரான கசாட்டே அதை மறைக்கவில்லை. 1890-ல் பாரிசில் நடந்த பெரிய ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்தபின், பெண்களின் அன்றாட வாழ்வை வைத்துப் பத்து வண்ண அச்சுகள் செய்தார், கழுவும், தலைவாரும் பெண்களும் அவற்றில் உண்டு. ஆனால் மரத்தில் அல்ல, செப்புத் தகட்டில். மேலே சொன்ன கியோனாகாவின் குளியலறைப் படத்தின் ஒரு பிரதி அவருடைய நண்பரான பிரெஞ்சு ஓவியர் தெகாவிடம் இருந்தது.

ஒரிஜினலா, மறுபதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பூதக்கண்ணாடி. வரிசையான சின்னப் புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு, பேச்சே இல்லை. அடுத்து முதுகுப்பக்கம்: மர அச்சில் நிறம் தாளுக்குள் இறங்கிப் பின்னால் மங்கலாகத் தெரியும், பாரேன் தேய்த்த சுழல்களும் இருக்கும். அளவும் பாருங்கள். வழக்கமான 'ஓபான்' தாள் ஏறக்குறைய 39-க்கு 26 சென்டிமீட்டர். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலை குறையும்.

சிக்கல் அடுத்த படியில். உதமாரோ படங்களுக்குப் புதிதாகப் பலகை செதுக்கி, கையாலேயே அச்சிட்ட மறுபதிப்புகள் நூறு வருடத்துக்கும் மேலாக வருகின்றன. மேலே சொன்ன சோதனைகளையெல்லாம் அவை தாண்டிவிடும். நம்பகமான மியூசியப் பிரதியின் பெரிய படத்தோடு கோடு கோடாக ஒப்பிடுவதே வழி. உடையின் மடிப்பு முனை, எழுத்தின் வால், நெற்றி இழைகள் மூன்றிலும் மறுசெதுக்கல் காட்டிக்கொடுக்கும். இருநூறு வருடப் படத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று இருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

வாங்கிய படத்தை பிரேம் போட்டு ஹாலில் மாட்டலாமா?

மறுபதிப்பு என்றால் தாராளமாக. பழைய பிரதி என்றால் யோசியுங்கள். உதட்டுக்குப் போன அதே குசும்பாச் சிவப்புதான் அச்சுக்கும் போனது, வெளிச்சத்தில் மங்கும் குணமும் அதே. 'சுயுகுசா' பூவின் நீலம் இன்னும் மோசம். இரண்டும் கலந்த ஊதா உடைகள் இன்று பழுப்பாகவும் சாம்பலாகவும் நிற்கின்றன. ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-ல் பாஸ்டன் நுண்கலை மியூசியத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளைக் கொடுத்தபோது, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நிறங்கள் இன்றும் புதிதாக இருப்பது அதன் பலன்.

மாட்டியே தீர வேண்டுமென்றால் வெயில் படாத உள்சுவர், புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி, மியூசியங்கள் வைத்திருக்கும் 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம், வருடத்தில் சில மாதம் மட்டும். படம் கண்ணாடியில் ஒட்டாமலிருக்க நடுவே அமிலமில்லாத அட்டைச் சட்டம் வேண்டும், ஒட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். செலோ டேப் கூடவே கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும், ஜப்பானியத் தாள் கீற்றையும் கோதுமைக் கஞ்சிப் பசையையும் வைத்துத் தொங்கவிடுங்கள். அந்தப் பசை ஈரம் பட்டால் விட்டுவரும், பிற்பாடு யாராவது எடுக்க வேண்டியிருந்தால் தாள் கிழியாது.